தெற்கே பார்த்த இருபத்து நாலு பலகைகள்

2012 செப்டம்பர் கடைசி வாரம், புதன்கிழமை. காலை 6.25. மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. டீ ஆறு ரூபாய். கரண்ட் இல்லை. கடைக்காரர் அட்டையால் விசிறிக்கொண்டே டீ ஆற்றினார். பாதி டீ ஆறியது, பாதி அவர்மேல் ஆறியது.

குடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் செல்வம், என் மனைவியின் தம்பி, எங்கள் ஊராட்சியின் ஐந்தாவது வார்டு மெம்பர். இன்னொருவன் நான், தனவேல். எனக்குப் பதவி கிடையாது, பதினாலு வெள்ளாடு உண்டு. பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். சுற்றுச்சுவர் ஓரம் புல் நன்றாக வளரும். எழுத்து கற்றுக்கொண்டது பஸ் போர்டில். அதனால் ஊர்ப்பெயர் எதுவானாலும் தடையில்லாமல் படிப்பேன். மற்ற வார்த்தைகள் வந்தால் பஸ் பிரேக் பிடித்த மாதிரி நிற்பேன்.

விடியற்காலை டவுன் பஸ்ஸில் வந்திருந்தோம். குடிகாடு ஸ்டாப்பில் ராத்திரி ஷிப்ட் முடிந்தவர்கள் ஏறி எங்கள் தோளில் தூங்கிக்கொண்டே வந்தார்கள். மஞ்சக்குப்பத்தில் டைப் அடிப்பவர் வீட்டில் செல்வத்துக்கு ஒரு கடிதம் வாங்க வேண்டியிருந்தது. வாங்கியதும் நான் பிடுங்கிப் படித்தேன். 'ஆட்சேபணை' என்ற வார்த்தைக்கு வெகுநேரம் ஆனது. அந்த ஊருக்குப் பஸ் கிடையாது.

கடிதத்தின் விஷயம் இது. ஆடுமாடு மேய ஊருக்கென்று விட்ட எங்கள் மேய்க்கால் புறம்போக்கு பதினெட்டு ஏக்கர். அதில் சூரிய மின்சாரப் பலகை வைக்க ஒரு கம்பெனி முப்பது வருஷத்துக்குக் கேட்கிறது. ஒன்பது மெம்பர்களில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று ஆகிவிடும். நாலு கையெழுத்து ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஐந்தாவதை மத்தியானம் ஒரு மணிக்குச் சிதம்பரத்தில், கம்பெனி மேனேஜர் முன்னால் போடுவதாகச் செல்வம் சொல்லியிருந்தான். அவன் போட்டால் மேய்க்கால் போனது. நான் கூட வந்தது அதற்காகத்தான்; பாசத்தினால் அல்ல.

“ஒரு மணிக்குத்தான மச்சான் சிதம்பரம்? சேத்தியாத்தோப்பு வழியா போவலாம். ஒரு ஊரு காட்டறேன்.”

“அது சுத்து மாமா.”

“டிக்கெட்டு நான் எடுக்கறேன்.”

செல்வம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். ஜுரம் இல்லை என்று தெரிந்ததும் சரி என்றான். ஒப்பந்தமும் அங்கேயே போட்டோம். அந்த ஊரைப் பார்த்த பிறகு, கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று அவனாக முடிவெடுக்கும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பந்தயம் என்று புரியும்.

காலை 6.50. புதுச்சேரியிலிருந்து வடலூர் வழியாகக் கும்பகோணம் போகிற பஸ். சேத்தியாத்தோப்புக்குத் தலைக்கு 24 ரூபாய், தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கண்டக்டர் என் பக்கத்தில் வந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

“ஆட்டுக்கு டிக்கெட்டு எடுத்தீங்களா?”

“ஆடு இல்லைங்க. நான்தான்.”

“அப்ப சரி,” என்று இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

குறிஞ்சிப்பாடி வரை செல்வம் தன் நியாயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தான். அது சும்மா நியாயமில்லை. அவன் மனைவி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிரைண்டர் மூலையில் கிடக்கிறது. ஊறிய அரிசி புளித்து, போன மாதத்தில் மூன்று முறை மாட்டுத் தொட்டிக்குப் போயிருக்கிறது. கம்பெனி வந்தால் எட்டு தெருவிளக்கு, நாலு வாட்ச்மேன் வேலை.

“இருட்டுல ஒக்காந்துக்கிட்டு வெளிச்சம் வாணாம்னு சொல்ற ஊரு நம்ம ஊருதான் மாமா. அதுக்குக் காரணம் ஒன்னோட பதினாலு ஆடு.”

“பதிமூணரை. ஒண்ணு குட்டி.”

“சிரிக்காத. அந்தப் பொட்டல்ல ஒனக்கு என்னா வெச்சிருக்கு?”

ஆடு மேய்வதைத் தவிர அங்கே என்ன வைத்திருக்கிறது என்று எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. வடலூர் தாண்டியதும் மேற்கே தூரத்தில் நெய்வேலிப் பக்கத்துப் புகைக்கூண்டுகள் தெரிந்தன. பின்சீட்டில் கோழிக்கூடையோடு இருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கரண்ட எடுக்கறது இங்க. இல்லாத எடமும் இங்கதான். நடுவுல எங்கதான் போவுதோ.” கோழி மட்டும் ஏதோ சொன்னது.

காலை 8.20, சேத்தியாத்தோப்பு. இங்கிருந்து வெள்ளாற்றுக் கரைப் பக்கம் நாலு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய். ஊர்ப்பெயரை எழுத வேண்டாம் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு டீ போட்டே பால் தீர்ந்துபோகிறதாம். போன ஆடியில் கிடா வாங்க வந்தபோதுதான் நான் இந்த ஊரைப் பார்த்தேன். சுற்றுவட்டாரம் முழுக்கக் கரண்ட் போயிருந்த நேரத்தில், கிடா விலை பேசிய வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் மயங்கிக் கிடாவுக்கு இருநூறு ரூபாய் ஜாஸ்தி கொடுத்துவிட்டேன்.

ஆட்டோக்காரருக்கு அந்த ஊர்மேல் கோபம்.

“ஜாஸ்தி திமிரு புடிச்ச ஊருங்க. எங்க தெருவுக்கும் ஒரு ஒயரு இழுங்கன்னு கேட்டோம். கூட்டத்துல வந்து ஒக்காரு, மொற வந்தா கழுவு, அப்பறம் இழுக்கறோம்னாங்க. கழுவவா நாங்க பொறந்தோம்?”

“என்னாத்த கழுவணும்?” என்றான் செல்வம்.

“போய்ப் பாருங்க. உங்களையும் கழுவ வெச்சிடுவாங்க.”

காலை 8.45. ஊருக்கு மேற்கே, குடியானத் தெரு முடிகிற இடத்தில் பழைய களத்துமேடு. அதில் இருபத்து நாலு பலகைகள், மார்பு உயரக் கம்பிக்கால்களில், தெற்கே லேசாகச் சாய்ந்து நின்றன. இரண்டு பேர் வாளியும் துணியுமாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வியர்த்தது. தோளில் இருந்த துண்டை எடுத்துப் பக்கத்துப் பலகைமேல் போட்டேன்.

“அண்ணே, அந்தத் துண்ட எடுங்க. நெழலு பட்டா அந்த வரிசையே கரண்டு குடுக்காம படுத்துக்கும்.”

சொன்னவர் மரியபுஷ்பம் என்ற பெண். நாற்பது வயதிருக்கும். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவர். ஸ்விட்ச் ரூம் சாவி அவர் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கியது. கீழைக்கோடியில் இருக்கிற காலனி அவர் ஊர். கழுவிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் கலியபெருமாள். குடியானத் தெருவில் முதல் வீடு, ஏழு காணி நிலம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மடை திறந்து மூடுகிற பொறுப்பும் அவருடையதுதான். நான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். வந்த காரியத்தைச் செல்வம் சொன்னான். கலியபெருமாள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“மெம்பருங்களா? வாங்க. நிக்கற நேரத்துல இந்தத் துணியப் புடிங்க.”

ஆட்டோக்காரர் சொன்னது சரியாய்ப் போயிற்று. ஐந்து நிமிஷத்தில் எங்கள் ஐந்தாவது வார்டு மெம்பர் பலகை துடைத்துக்கொண்டிருந்தார்.

துடைத்துக்கொண்டே கேட்டதுதான் இனி வருவது. அறுபத்திரண்டு வீடும் பங்கு போட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய பலகைகள் இவை. வீட்டுக்கு இரண்டு பல்பு, ஒரு ஃபேன், செல்போனுக்கு ஒரு முனை. அரசாங்கக் கரண்ட் வரும்போது அது. போகும்போது இது.

“மொத ஆறு மாசம் எங்கள எல்லாரும் கைகொட்டிச் சிரிச்சாங்க,” என்றார் மரியபுஷ்பம். “அண்ணனையே கேளுங்க. அவருதான் காரணம்.”

கலியபெருமாள் துணியைப் பிழிந்தார். “சூரியன் கெழக்குலதான வருது? பொங்கப் பானை கெழக்குப் பாத்துதான வெக்கறோம்? அதனால எல்லாப் பலகையையும் கெழக்குப் பாத்து, கதவு மாதிரி நேரா நிமித்தி வெக்கச் சொல்லிட்டேன். தேங்கா ஒடச்சி, சூடம் காட்டி வெச்சோம்.”

“அப்பறம்?”

“காலைல ஜம்முனு வரும். மத்தியானத்துக்கு மேல சூரியன் முதுகுப் பக்கம் போயிடும். சாயந்திரம் ஏழரைக்கெல்லாம் பேட்டரி படுத்துடும். பலகை டூப்ளிகேட்டுன்னு சொல்லி, இருவது பேரு வேன் வெச்சிக்கிட்டு விக்கறவன் கடைக்குப் போய்ச் சண்ட போட்டோம். அவன் வந்து பாத்தான். சிரிப்ப அடக்க முடியாம அந்த வேப்பமரத்துக்குப் பின்னாடி போய் நின்னுட்டான்.”

தெற்கே பார்த்து, லேசாகச் சாய்த்து வை என்று கடைக்காரன் சொல்லியிருக்கிறான். தெற்கு எமன் திசை, முடியாது என்று கலியபெருமாள் சொல்லிவிட்டார். அவர் தெருவே அவர் பின்னால் நின்றது. மரியபுஷ்பம் பார்த்தார்: எங்களுக்குத் திசையில் பயமில்லை, எங்கள் பங்குக்குப் பன்னிரண்டு பலகையை நாங்கள் திருப்பிக்கொள்கிறோம் என்று காலனி ஆட்களோடு ஸ்பேனரை எடுத்து வந்துவிட்டார். ஒரு மாதம் பன்னிரண்டு பலகை தெற்கே, பன்னிரண்டு கிழக்கே. தெற்குப் பக்கத்துப் பேட்டரி நிறைந்தது. கிழக்குப் பக்கம் பக்தியோடு காலியாகவே இருந்தது.

“அப்பவும் நான் வுடலிங்க,” என்றார் கலியபெருமாள். “அப்பதான் இந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டுச்சி.”

“சிதம்பரத்துல உங்க நடராஜரு எந்தப் பக்கம் பாத்து நிக்கறாருன்னு கேட்டேன். அவ்ளோதான்.”

“முப்பது தரம் போயிருப்பேன், திருவாதிரைக்கு மட்டுமே பத்து தரம். எந்தப் பக்கம்னு பாத்ததே இல்ல. மறுநாளு மொத பஸ்ஸுக்குப் போனேன். சன்னதில நின்னு சூரியன வெச்சிக் கணக்குப் போட்டேன். தெக்கு. சுத்தமான தெக்கு. சாமியே தெக்குப் பாத்து ஆடுதுன்னா எம் பலகைக்கு என்னா கேடு? வந்ததும் ஸ்பேனர நானே எடுத்தேன்.”

“வேதக்காரப் பொண்ணு சொல்லித்தான் இவருக்குச் சாமி எந்தப் பக்கம்னு தெரிஞ்சிச்சி,” என்று கூடக் கழுவிய ஆள் சிரித்தார்.

“தெரிஞ்சிச்சில்ல? அது போதும்,” என்றார் கலியபெருமாள், கொஞ்சமும் கூசாமல்.

ஸ்விட்ச் ரூமுக்குள் கூட்டிப்போனார்கள். சுவரில் மூன்று பெரிய சுவிட்ச். பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கிற குடியானத் தெருவுக்கு எது என்று கேட்டேன். கடைசி சுவிட்ச் என்றார் மரியபுஷ்பம். சாயங்காலம் முதலில் போடுவது கோடியில் இருக்கிற காலனிக்கு. அப்புறம் நடுத்தெரு. மிச்சம் இருந்தால்தான் குடியானத் தெரு. மழைக்காலத்தில் பேட்டரி குறைந்தால் இருட்டில் உட்காருவது கலியபெருமாள் வீடுதான்.

செல்வத்துக்கு நம்பிக்கை வரவில்லை. “இதுக்கு நீங்க எப்பிடி ஒத்துக்கினீங்க?”

“ஒத்துக்கலியே. ரெண்டு மாசம் சண்ட.” கலியபெருமாள் வாசல்படியில் உட்கார்ந்தார். “ஆனா எங்க வாய்க்கால்ல தண்ணி கம்மியாப் போனா கடமடைக்குத்தான், கோடி வயலுக்குத்தான் மொதத் தண்ணி. அது எங்க பாட்டன் காலத்து மொற. மடை பாக்கற ஆளு நானே. தண்ணிக்கு ஒரு ஞாயம், கரண்டுக்கு ஒரு ஞாயமான்னு காலனில கேட்டாங்க. அந்த மொற இல்லன்னா எங்க பங்கு வாணாம்னுட்டாங்க. என்னாத்த பேசறது?”

“அதுல ஒரு சௌகரியமும் இருக்குண்ணே,” என்றார் மரியபுஷ்பம் என்னிடம். “பலகைல தூசி படிஞ்சா மொதல்ல இருட்டாவறது கிட்ட இருக்கற தெரு. அதனால யாரு கழுவறாங்க பாருங்க.”

கலியபெருமாள் தன் ஈரத் துணியைப் பார்த்துக்கொண்டார். “கடுப்புதான்,” என்றார். “ஆனா சுத்தமா இருக்கு.”

அடுத்த அறையில் கிரைண்டர் சத்தம். பத்து மணி வெயிலில் பொதுக் கிரைண்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொன்று ஓட்டினால் தாங்காது. அதனால் ஊருக்கே ஒன்று, முறை வைத்து. செல்வம் அங்கே போய் நின்றவன் வெகுநேரம் வரவில்லை. உளுந்து பந்தாகத் திரண்டு வருவதை, கோயில் தேரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த நேரத்தில்தான் எனக்கு அவமானம் நேர்ந்தது. பலகைகளுக்கு அடியில் பச்சைப் பசேல் என்று புல். அதில் எட்டு செம்மறி மேய்ந்துகொண்டிருந்தன. பார்த்தாயா மச்சான், வெளிச்சமும் ஆடும் ஒரே இடத்தில் என்று நான் மார்தட்டப் போகும்போது மரியபுஷ்பம் சொன்னார்: “செம்மறி மட்டும்தாண்ணே. வெள்ளாட்ட உள்ள வுட மாட்டோம். பலகை மேல ஏறி நிக்கும். ஒயரக் கடிக்கும். அது ஒழுங்கில்லாத ஜாதி.”

பதினாலு வெள்ளாட்டின் சொந்தக்காரன் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

செல்வம் கிரைண்டரை விட்டுவிட்டு ஓடி வந்தான். “கேட்டியா மாமா? கம்பெனி வேலி போட்டாலும் ஒன் ஆடு உள்ள போவாது. இங்கயும் போவாது. எதுக்கு இவ்ளோ தூரம் கூட்டியாந்த?”

நான் மரியபுஷ்பத்திடம் வாதாடினேன். பழக்கிய வெள்ளாடு ஏறாது என்றேன். பழக்கிய வெள்ளாடு உலகத்தில் இல்லை என்றார். கயிற்றில் கட்டி மேய்த்தால் என்றேன். மாதக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள், பதினைந்து பேர் கத்துவார்கள், நீங்களும் கத்துங்கள் என்றார். பத்து நிமிஷம் நடந்தது. தோற்றேன். ஆனால் தோற்கும்போதே பஸ்ஸில் வராத பதில் வந்துவிட்டது.

“மச்சான், ஆடு போவாதுதான். ஆனா இங்க யாரோட சண்ட போடணும்னு எனக்குத் தெரியுது. கழுத்துல சாவி தொங்குது பாரு, அவுங்களோட.”

செல்வம் பேச்சை மாற்றினான். போன வருஷக் கடைசியில் அடித்த புயலில் இந்தப் பலகைகள் எப்படித் தப்பின என்று கேட்டான். எங்கள் பக்கத்தில் கம்பம் கம்பமாகச் சாய்ந்து வாரக்கணக்கில் இருட்டு என்பது கடலூர்க்காரர்கள் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“கழட்டிட்டோம்,” என்றார் கலியபெருமாள்.

“எத?”

“எல்லாத்தையும். ரேடியோவுல சொன்னதுமே, காத்து ஏர்றதுக்கு முன்னாடி, ஊரே வந்து கழட்டிச்சி. பன்னெண்டு பலகை மாரியம்மன் கோயில் மண்டபத்துல, பன்னெண்டு சர்ச்சுல. கவுத்துப் போட்டு மேல வைக்கோலு. அடங்கினதும் மாட்டிட்டோம். மூணாம் நாளு வெளிச்சம்.”

“கழட்டச் சொன்னது யாரு?”

கலியபெருமாளுக்குக் கேள்வி புரியவில்லை. செல்வத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “மழை வந்தா காயப்போட்ட நெல்ல அள்ளச் சொல்லி யாராவது சொல்லணுமா?”

காலை 11.05. சேத்தியாத்தோப்பிலிருந்து புவனகிரி வழியாகச் சிதம்பரம், 14 ரூபாய். ஒப்பந்தப்படி நான் வாயைத் திறக்கவில்லை. ஒருமணி நேரம் பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அதுவே முதல்முறை, தாடை வலித்தது. செல்வம் கடிதத்தை எடுப்பதும் மடிப்பதுமாக வந்தான். புவனகிரியில் ஒரு முறை, “நம்ம ஊர்ல ஒத்துமையே கெடயாது மாமா,” என்றான். நான் வாயைத் துண்டால் பொத்திக் காட்டினேன். “பேசித் தொலை,” என்றான். பேசவில்லை. பந்தயம் பந்தயம்தான்.

சிதம்பரத்தில் இறங்கிக் கோயில் பக்கம் போனோம். தெற்கு விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஆசை. நடை சாத்திவிட்டார்கள். கீழ வீதியில் சாப்பாடு நாற்பது ரூபாய், அப்பளம் தனி.

மத்தியானம் 1.00, மேல வீதி. லாட்ஜின் முதல் மாடி அறையில் ஜெனரேட்டர் கரண்டில் ஏ.சி. ஓடியது. மேனேஜருக்கு முப்பது வயதிருக்கும், மரியாதையான பையன். என் வாசனையைப் பொருட்படுத்தாமல் எனக்கும் கூல்டிரிங்ஸ் கொடுத்தார். அதனால் அவரைத் திட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் பேனாவையும் திறந்து கொடுத்தார். செல்வம் வாங்கிக்கொண்டான்.

“சார், ஒரு சந்தேகம். இந்தக் கரண்டு எங்க போவும்?”

“கிரிட்டுக்குப் போகும் செல்வம் சார். மெயின் லைன்.”

“எங்க ஊருக்கு?”

“எட்டு ஸ்ட்ரீட் லைட் தர்றோமே.”

“மெயின் லைன்ல கரண்ட் போயிட்டா அந்த எட்டும் எரியுமா?”

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டும். “எரியாது,” என்றார்.

“புயல் வந்தா பலகைய யாரு கழட்டுவாங்க?”

“எதுக்குக் கழட்டணும்? இன்சூரன்ஸ் இருக்கு.”

“ஏதாச்சும் கொறைன்னா யாரப் பாத்துப் பேசறது?”

“சென்னை ஆபீஸ்ல ஹெல்ப்லைன் நம்பர் இருக்கு சார். இங்கிலீஷ், இந்தி, தமிழ் மூணுலயும் பேசலாம்.”

செல்வம் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான், எனக்கு அது பாறை விழுந்த மாதிரி கேட்டது.

“சூரியனுக்கு நாங்க எதிரி இல்லைங்க சார். பலகை வரட்டும். ஊரும் அதுல பங்காளியா இருக்கணும். கரண்ட்ல எங்க ஊருக்குன்னு ஒரு பாகம் மொதல்ல எறங்கணும். முப்பது வருஷத்துக்கு மேய்க்காலக் குடுத்துட்டு ஹெல்ப்லைன்ல பேசிக்கிட்டு இருக்க முடியாது. இந்தக் கடுதாசில நான் கையெழுத்துப் போடல.”

“அந்த மாதிரி ஸ்கீம் எங்ககிட்ட இல்ல.”

“அப்ப எங்ககிட்ட எடம் இல்ல.”

ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று கணக்குப்போட்டு நான் வாயைத் திறந்தேன். “சார், ஹெல்ப்லைன்ல ஆடு பத்தியும் பேசலாமா?” செல்வம் என் காலை மிதித்தான்.

மேனேஜர் கோபப்படவில்லை. ஃபைலை மூடிக்கொண்டே சொன்னார்: “உங்க இஷ்டம். உங்க பக்கத்து ஊர்ல நேத்தே அஞ்சு கையெழுத்தும் வந்தாச்சு. அங்க மாத்திக்கறோம். அப்புறம் வருத்தப்படாதீங்க.”

மத்தியானம் 3.40, கடலூர் பஸ், புதுச்சத்திரம் வழி. ஜெயித்த மாதிரியும் இருந்தது, ஜெயிக்காத மாதிரியும் இருந்தது. எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் மேய்க்கால் ஒட்டினாற்போல் கிடக்கிறது. நடுவில் ஒரு ஓடை, அதில் கோடையில் தண்ணீர்கூட இருக்காது. அங்கே வேலி விழுந்தால் இங்கே எத்தனை நாள்? செல்வம் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தான். மேய்க்கால் ஊருடையது. பலகை வந்தால் பங்கோடு வரவேண்டும். முதல் வெளிச்சம் கோடித் தெருவுக்கு. ஆடு விஷயத்தைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். கடைசி வரி என் முகத்துக்காகச் சேர்த்தது.

அந்த ஊரையும் எங்கள் ஊரையும் பஸ்ஸில் இருந்தபடி ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர்களிடம் பலகை இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, கிரைண்டர் ஓடுகிறது. எங்களிடம் பதினெட்டு ஏக்கர் பொட்டலும், ஒருவரோடொருவர் பேசாத நாலு தெருவும் இருக்கின்றன. அவர்களும் பேசாமல் இருந்தவர்கள்தான். பொட்டலைக் கையில் வைத்துக்கொண்டு என்றைக்காவது பலகை வாங்கலாம். கொடுத்துவிட்டால் வேலிக்கு வெளியே நின்று எண்ணிப் பார்க்கலாம்; எனக்கு எண்ணவும் பதினாலு வரைக்கும்தான் பழக்கம்.

“மாமா, எங்க எறங்கறோம்?”

“ரெண்டு ஸ்டாப் முன்னாடி.”

“நானும் அதத்தான் நெனச்சேன்.”

மாலை 4.50. பக்கத்து ஊர். மெம்பர் தேன்மொழி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். யூனியன் ஆபீஸ் கூட்டங்களில் செல்வத்துக்குப் பழக்கம். அவன் விஷயத்தைச் சொன்னான்.

“நேத்தே போட்டுட்டேனே செல்வம். எட்டு லைட்டு தர்றாங்க.”

“எங்களுக்கும் எட்டுதான்.”

தேன்மொழியின் கை தவிட்டுக்குள் நின்றது. “உங்களுக்கு ஆறுதான்னு எங்ககிட்ட சொன்னாங்க.”

“கரண்ட் போனா அந்த எட்டும் எரியாது. அந்தாளு வாயாலயே சொன்னாரு.”

“போட்டது போட்டாச்சி. இனிமே என்னா பண்றது?”

நான் முன்னால் வந்தேன். “அக்டோபர் ரெண்டு கிராம சபை இருக்குதும்மா. கையெழுத்து அஞ்சு பேருக்குத்தான். கை ஊருக்கே இருக்கு. தூக்கி வாணாம்னு சொல்லுங்க. எங்க ஊர்லயும் தூக்கறோம்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எங்க ஊரு சபைல கை தூக்கச் சொல்ல நீ யாருய்யா?”

“உங்க மேய்க்கால்லயும் எனக்குப் பாத்தியதை இருக்கு. என் ஆடு பாதி நாளு ஓடை தாண்டி இங்கதான் மேயுது.”

சொல்லியிருக்கக் கூடாது. அவள் கையைத் தவிட்டிலிருந்து எடுத்து உதறினாள்.

“கருப்புக் கெடாவா? ஒத்தக் கொம்பு?”

“ஆமா.”

“ரெண்டு பாத்தி கத்திரிக்கா. குருத்துகூட வுடாம மொட்டையடிச்சிட்டுப் போச்சி. யாருதுன்னு தெரியாம ஒரு மாசமா தேடிக்கிட்டு இருக்கேன்.”

செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் வாசல் பக்கம் திரும்பினேன். தேன்மொழி கொட்டகைக்குள் போய் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து வந்து போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஒக்காருங்க,” என்றாள். “மொதல்ல கத்திரிக்கா. அப்பறம் மேய்க்கால்.”